மருந்துப் பெட்டி யார் கையில்?

மே மாதத்தில் ஏற்காடு, கொல்லிமலை மாதிரி இடங்களில் பிள்ளைகளுக்குத் தங்கும் முகாம் நடத்துபவர்களிடம் மருத்துவ ஏற்பாடு என்ன என்று கேட்டால், முதலுதவிப் பெட்டியைத்தான் முதலில் காட்டுவார்கள். பஞ்சும் களிம்பும் தேவைதான். ஆனால் முகாமில் தலைகாட்டும் தொல்லைகளில் பல, வீட்டாருக்கு முன்பே தெரிந்தவை: வீசிங், வலிப்பு, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதது. அந்தச் செய்தி உரிய ஆளிடம் போய்ச் சேர்வதில்தான் பாதி வேலை இருக்கிறது.

படிவத்தில் “நோய் ஏதும் உண்டா?” என்று ஒற்றைக் கேள்வி வைத்தால் “இல்லை” என்றே பதில் வரும். உண்மையைச் சொன்னால் பிள்ளையைச் சேர்க்க மாட்டார்களோ என்ற பயம் பெற்றோருக்கு. அதனால் பிரித்துக் கேளுங்கள். தினமும் என்ன மாத்திரை, எந்த வேளை? கடைசியாக வலிப்பு எப்போது வந்தது? எதைச் சாப்பிட்டால் உடம்பு தடிக்கும்? எடை எத்தனை கிலோ? எடையை விட்டுவிடாதீர்கள். காய்ச்சலுக்குத் தரும் பாராசிட்டமாலை எடையைப் பார்த்துத்தான் தர வேண்டும். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். படுக்கையில் சிறுநீர் போகும் பழக்கம் உண்டா என்றும் கேட்கலாம். ஆனால் அது பொறுப்பாளரைத் தாண்டிப் போகக் கூடாது. சமையல்காரருக்கு ஒவ்வாமைப் பட்டியல் மட்டும் போதும்.

மருந்துக்குப் பொறுப்பு ஒரே ஒருவர். முடிந்தால் செவிலியர். மாத்திரை அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் வர வேண்டும். பொட்டலம் கட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். கொடுத்த நேரத்தையும் அளவையும் ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். கொல்லிமலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளைகள் வாந்தி எடுப்பது சாதாரணம். ஆனால் காலையில் வலிப்பு மாத்திரை போட்ட பிள்ளை வாந்தி எடுத்தால், மறுபடி கொடுப்பதா வேண்டாமா என்று அந்தப் பிள்ளையின் மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். அவருடைய எண் பஸ்ஸிலேயே பொறுப்பாளர் கையில் இருக்கட்டும்.

மருந்துகளைப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும். ஆனால் அதற்கு இரண்டு விலக்குகள் உண்டு. வீசிங் உள்ள பிள்ளையின் இன்ஹேலர் அந்தப் பிள்ளையிடமே இருக்க வேண்டும். மூச்சு முட்டும்போது சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. இன்சுலின் போடும் பிள்ளையின் பையில் எப்போதும் குளுக்கோஸோ சர்க்கரையோ இருக்க வேண்டும். மலையேறும் நாளில் ரத்தச் சர்க்கரை சட்டென இறங்கும். வியர்வை, நடுக்கம், காரணமில்லாத கோபம் தெரியும். அடம் பிடிக்கிறான் என்று அதட்டிவிட்டால் ஆபத்து. அளவு 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

பாம்பைப் பற்றி ஒரு சேதி எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கட்டுவிரியன் இரவில், தரையில் தூங்குபவர்களைக் கடிக்கும். வலியோ தடமோ தெரியாமலே போகலாம். விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்று ஒரு பிள்ளை எழுந்து, இமையைத் தூக்க முடியாமல் இருந்தால், அஜீரணம் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். கூடத்தில் தரையில் படுக்க வைப்பதானால் கொசுவலை கட்டி, ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். கடித்த இடத்தைக் கீறுவதோ இறுக்கிக் கட்டுவதோ வேண்டாம். கொலுசு, வளையலைக் கழற்றி, கை காலை அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

எந்த மருத்துவமனைக்கு என்பது முகாமுக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒருமுறை நேரில் போய், விஷமுறிவு மருந்து இருப்பில் உள்ளதா, இரவில் மருத்துவர் இருப்பாரா என்று கேட்டு வாருங்கள். 108 சேவை 2008 முதல் தமிழகத்தில் உண்டு. ஆனால் மலையில் செல்போன் சிக்னல் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தால்தான் அழைக்க முடியும். முகாமில் ஒரு வண்டியும் ஓட்டுநரும் இரவு முழுக்க நிற்பது என் கணக்கில் கட்டாயம். உயிர் ஆபத்து என்றால் முதலில் சிகிச்சை தர வேண்டியது மருத்துவரின் கடமை என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மற்றச் சிகிச்சைகளுக்குச் சம்மதம் கேட்பார்கள்; பெற்றோரின் கையெழுத்திட்ட கடிதமும், இரண்டு தொலைபேசி எண்களும் கோப்பில் வையுங்கள்.

பெண் பிள்ளைகள் இருந்தால் ஒரு பெண் பொறுப்பாளரும் நாப்கினும் வேண்டும். முதல் மாதவிடாய் முகாமிலேயே வரலாம்.

கடைசி நாளில் மீதி மருந்தோடு, நோட்டில் அந்தப் பிள்ளைக்கு எழுதியதையும் பிரதி எடுத்துப் பெற்றோரிடம் கொடுங்கள். நாய் கடித்து அரசு மருத்துவமனையில் தோலுக்குள் ஊசி போட்டிருந்தால், அடுத்த ஊசிகள் 3, 7, 28ஆம் நாள்களில். அவற்றைப் போடவைக்க வேண்டியவர்கள் வீட்டார்தான்.