படத்தில் விழாத கூட்டம்

கடலூர் சில்வர் பீச்சில் அலையோடு ஓடும் குழந்தையை இன்று செல்பேசி நொடியில் பிடித்துவிடுகிறது. 1858-இல் அப்படியில்லை. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப், தஞ்சைப் பெரிய கோவிலையும் மதுரையையும் பெரும்பாலும் மெழுகு பூசிய காகித நெகட்டிவில்தான் எடுத்தார். படம் பதியவே சில நிமிடங்கள் பிடிக்கும். நிற்கும் கோபுரம் பதியும். நடந்து போகிற ஆள் மறைந்துவிடுவார். வெறிச்சென்ற வானத்துக்கு டிரைப்பே நெகட்டிவில் மேகம் தீட்டியதும் உண்டு!

அந்தக் கேமராவைச் சிதம்பரம் தேரோட்டத்தின்போது கீழவீதியில் வைத்திருந்தால்? கோபுரம் துல்லியமாக விழுந்திருக்கும். தேரும், வடம் பிடித்த கூட்டமும் புகைபோலக் கலைந்திருக்கும்.

ஆகவே, பழைய படத்தில் தெரு காலியாக இருந்தால் ஊரே காலி என்று நினைத்துவிடாதீர்கள். ஆட்கள் இருந்திருப்பார்கள், அசையாமல் நின்றிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்!