பின்வாசல் தொட்டியை மறந்துவிடாதீர்கள்!

"கூழானாலும் குளித்துக் குடி" என்று நம் பாட்டன் பூட்டன் சொல்லிவைத்தார்கள். தோட்டத்து மக்கள் அந்தச் சொல்லைக் காப்பாற்றுகிறவர்கள்தாம். விடிந்ததும் வாசலைக் கூட்டித் தெளிக்கிறோம். வெள்ளிக்கிழமை தவறாமல் வீட்டைக் கழுவி விளக்கேற்றுகிறோம். ஆனால், வீட்டுக்குப் பின்னால் புல்லுக்கடியில் கிடக்கிற கக்கூஸ் தொட்டியை மட்டும் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அடைமழையில் அது பொங்கி, லோங்காங்கில் வழிந்து, பிள்ளைகள் விளையாடுகிற இடத்துக்கு வந்த பிறகுதான் "ஐயையோ!" என்கிறோம்.

அப்போது ஆபீசுக்கு ஓடினால், கிராணியார் மண்டோரைக் கேட்கச் சொல்வார். மண்டோர், "மழை விடட்டும், பார்க்கலாம்" என்பார். மழை விட்டதும் நாற்றம் குறையும், நாமும் மறந்துவிடுவோம். அடுத்த வருடம் பழையபடி அதே கதைதான்.

அந்தத் தொட்டி யார் பொறுப்பு? எப்போது இறைக்க வேண்டும்? எப்படிக் கேட்க வேண்டும்? இந்த மூன்றையும் தோட்டத்து மக்கள் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

தொட்டிக்குள் நடப்பது என்ன?

கக்கூஸில் இருந்து போகிற கழிவு தொட்டியின் முதல் அறையில் விழுகிறது. கனமானது அடியில் வண்டலாகத் தங்குகிறது. எண்ணெய்ப் பசையும் நுரையும் மேலே ஆடையாக மிதக்கின்றன. நடுவிலிருக்கும் நீர்தான் அடுத்த அறைக்குப் போய் வெளியேறுகிறது. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் உள்ளேயே வேலை செய்து கழிவைக் கரைக்கின்றன. ஆனாலும் வண்டல் முழுவதும் கரைந்துவிடாது. வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே வரும். தொட்டியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அது அடைத்துவிட்டால், பிறகு போகிற கழிவு தங்க இடமில்லாமல் அப்படியே வெளியே போகும். அதிலிருந்துதான் வயிற்றுப்போக்கும், டைபாய்டும், குடல் புழுவும் பிள்ளைகளிடம் வந்து சேர்கின்றன.

"எங்க வீட்டுத் தொட்டி இருபது வருஷமா நிறையவே இல்லீங்க" என்று சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. நிறையாத தொட்டி என்று ஒன்றில்லை. ஒன்று, வண்டல் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. இல்லாவிட்டால் தொட்டி வெடித்து மண்ணுக்குள் ஒழுகுகிறது. பக்கத்தில் கிணறு இருந்தால் கேட்கவே வேண்டாம்.

தீபாவளிக்கு முன்பே இறைத்துவிடுங்கள்

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தொட்டியை இறைக்க வேண்டும் என்பது நம் நாட்டில் சொல்லப்படும் கணக்கு. அந்த ஒரு முறையையும் மழைக்கு முன்பே செய்துவிட வேண்டும். மேற்குக் கரைத் தோட்டங்களில் அக்டோபர், நவம்பரில் மழை கொட்டும். கிழக்குக் கரையில் நவம்பரில் தொடங்குகிற வடகிழக்குப் பருவமழையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஆகவே, தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் பூச நினைக்கும்போதே தொட்டியையும் நினையுங்கள். பண்டிகைக்குப் பட்டணத்துப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்து வீடு நிறைந்தால், தொட்டிக்கும் வேலை கூடத்தானே செய்யும்!

வெள்ளம் நிற்கும்போது இறைப்பது நல்லதல்ல. சுற்றிலும் மண்ணில் நீர் ஊறியிருக்கும்போது தொட்டியைக் காலி செய்தால், இலேசான தொட்டி மேலே கிளம்பிவிடும், குழாயும் முறிந்துவிடும்.

யார் பொறுப்பு?

தோட்ட நிர்வாகம் கொடுத்த வீடென்றால் பொறுப்பு நிர்வாகத்தினுடையது. 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம், தொழிலாளர் வீடுகளுக்கு இலவசமாகப் போதிய குழாய்த் தண்ணீர் கொடுக்க வேண்டும், கட்டடங்களை நல்ல நிலையில் பழுதுபார்த்து வைத்திருக்க வேண்டும் என்று முதலாளிக்குக் கடமை விதிக்கிறது. இது தயவல்ல, சட்டம்.

தோட்டத்தைவிட்டு வெளியே வந்து சொந்த வீடு வாங்கியவர்களுக்கு நிலைமை வேறு. 2008 ஜனவரி 1ஆம் தேதி அமலுக்கு வந்த நீர்ச் சேவைத் தொழில் சட்டப்படி, தீபகற்ப மலேசியாவில் தொட்டியைப் பராமரிப்பது வீட்டுச் சொந்தக்காரரின் கடமை. பல இடங்களில் இண்டா வாட்டர் நிறுவனத்தைக் கூப்பிடலாம். தனியார் லாரியானால், ஸ்பான் எனப்படும் தேசிய நீர்ச் சேவை ஆணையத்தின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். மலிவாக இறைத்துக்கொண்டு போய் ஆற்றில் ஊற்றுகிறவனிடம் கொடுத்தால், அது நம் ஊர்த் தண்ணீரிலேயே திரும்பி வரும். இறைத்ததும் ரசீதை வாங்கித் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.

புது வீடு கட்டுகிறவர்கள் மாவட்ட மன்றத்துக்குக் கொடுக்கிற பிளானிலேயே தொட்டியையும் காட்டி அனுமதி வாங்க வேண்டும். ஸ்பான் அங்கீகரித்த வகைத் தொட்டியையே வாங்குங்கள். "பக்கத்து வீட்டுக்காரர் வெறும் குழிதானே தோண்டினார்" என்பது பதிலாகாது.

மூடியை மறைக்காதீர்கள்

குடும்பம் பெருகும்போது பின்பக்கம் தகரம் போட்டுக் குசினியை நீட்டிவிடுகிறோம். மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் இருந்தால் வேறு என்ன செய்வது என்பீர்கள். நியாயம்தான். ஆனால், தோட்ட வீட்டை அனுமதியில்லாமல் நீட்டுவதைச் சட்டம் ஒப்புக்கொள்வதில்லை. அதுவும் தொட்டி மூடியின் மேல் சிமெண்டு பூசிவிட்டால், லாரி வந்தாலும் குழாயை விட இடமிருக்காது. அப்புறம் நிர்வாகம் நம்மையே குற்றம் சொல்லும். நம் நியாயத்தை நாமே ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

கூரைத் தண்ணீரைத் தொட்டிப் பக்கம் விடாதீர்கள். தொட்டிக்குப் பக்கத்தில் வேர் ஓடுகிற மரம் வேண்டாம். பிள்ளையின் பேம்பர்ஸ், துணி, மீந்த சமையல் எண்ணெய் எதையும் கக்கூஸில் போடாதீர்கள். குளோராக்ஸை நிறைய ஊற்றினால் கழிவைக் கரைக்கிற கிருமிகளும் செத்துப்போகும். காற்றுக் குழாயின் வாயில் வலை கட்டினால் கொசு உள்ளே போகாது.

எந்தக் காரணத்துக்கும் தொட்டிக்குள் இறங்காதீர்கள்! தீக்குச்சி கிழித்துப் பார்க்கவும் கூடாது. உள்ளே இருக்கிற விஷ வாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். விழுந்தவரைத் தூக்க இறங்குகிறவரும் பிழைப்பதில்லை. தீயணைப்புப் படைக்கு 999இல் அழையுங்கள். உடைந்த மூடி இருந்தால் அன்றைக்கே பலகை போட்டு மூடிவிட்டு, ஆபீசுக்குச் சொல்லுங்கள். நடக்கப் பழகுகிற குழந்தைக்கு மூடி உடைந்திருப்பது தெரியாது.

எழுதிக் கேளுங்கள்

வாயால் கேட்டதைக் காற்று கொண்டுபோய்விடும். வீட்டு எண்கள், கடைசியாக இறைத்த தேதி, எங்கே வழிகிறது என்பவற்றை ஒரு தாளில் எழுதி, எல்லாக் குடும்பங்களும் கையெழுத்துப் போட்டு நிர்வாகத்திடம் கொடுங்கள். ஒரு பிரதி தொழிற்சங்கக் கிளைத் தலைவரிடம் இருக்கட்டும். ஆபீசில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். பதில் இல்லையென்றால் அதே தாளோடு தொழில் இலாகாவுக்கும் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் போகலாம். ஒரு வீட்டுக்காரர் தனியாகப் போய் நின்றால் அது புகார். லயமே சேர்ந்து போய் நின்றால் அது உரிமை.

மழைக்கு இன்னும் நாளிருக்கிறது என்று எண்ணாதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டுக்குப் பின்னால் போய், உங்கள் தொட்டியின் மூடி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.