சமபோசனம்

பழைமையின்மேல் மனிதனுக்கு என்றும் ஒரு காதல் உண்டு. அமெரிக்க நாட்டில் அக்காதல் உணவுச்சாலையாகவும் உருவெடுத்திருக்கிறது. அங்கே ‘டைனர்’ எனப்படும் எளிய உணவுக்கடைகள் சிலவற்றை 1950களின் கோலத்திலேயே இன்றும் புதிதாக அமைக்கின்றனர். அத்தகைய கடையொன்றில் ஒருநாள் மதிய உணவு அருந்தும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

புகைவண்டிப் பெட்டி போன்ற நீண்ட கட்டடம். சதுரங்கப் பலகையை ஒத்த தரை; நீண்ட மேசையின் முன்னே நிலத்தில் பொருத்தப்பட்ட, சிவப்பு மெத்தையிட்ட சுழல் ஆசனங்கள்; காசு போட்டால் பாடும் இசைப்பெட்டி. மேசைக்கு அப்பால், நம் கண்முன்னாலேயே சமையல் நிகழ்கிறது. பொரித்த முட்டையும் வாட்டிய பாணும் கோப்பியும் கேட்டேன். கோப்பி குறையக் குறைய, கேளாமலே வார்த்துச் சென்றார் பரிமாறிய அம்மையார்.

இக்கடைகளின் பூர்வீகம் பத்திரிகை வாசகர்க்கு உவப்பளிப்பது. 1872ஆம் ஆண்டில், றோட் ஐலண்ட் மாநிலத்துப் புறொவிடன்ஸ் நகரில், வால்டர் ஸ்கொட் என்பவர் ஒரு பத்திரிகைக் காரியாலயத்தின் அருகே குதிரைவண்டியை நிறுத்தி, இரவில் வேலைசெய்வோர்க்கு உணவு விற்றார். அவ்வண்டியே காலப்போக்கில் கடையாக வளர்ந்தது. தொழிற்சாலையில் கட்டி, தெருவழியே கொண்டுவந்து நிறுத்தியமையால் நீண்ட வடிவமும் நிலைத்தது. பலதரத்தாரும் அருகருகே அமர்ந்து உண்ணும் இடமென அமெரிக்கர் அதைப் போற்றுவர்.

ஆனால், அவர்கள் ஏங்கும் அந்த நாட்களில் அவ்வாசனம் எல்லார்க்கும் உரியதாக இருந்ததா? தென் மாநிலங்களில் இல்லை. 1960ஆம் ஆண்டு பெப்ரவரி 1ஆந் திகதி, வட கரோலினாவின் கிறீன்ஸ்பரோ நகரில் கறுப்பின மாணவர் நால்வர் வூல்வேர்த் பல்பொருட் கடைக்குள் சென்றனர். பற்பசை முதலிய சில பொருள்களை வாங்கினர். கடை காசைப் பெற்றுக்கொண்டது. பின்னர் அதே கடையின் உணவு மேசையில் அமர்ந்து கோப்பி கேட்டனர், மறுக்கப்பட்டது. கடை அடைக்கும்வரை அவர்கள் எழவில்லை. மறுநாள் மேலும் பலர் வந்தனர். பிற நகரங்களிலும் மாணவர் இவ்வாறே அமர்ந்தனர். யூலை 25ஆந் திகதி அம்மேசையில் தடை நீங்கியபோது, முதலில் அமர்ந்து உண்ட கறுப்பினத்தார் யார் தெரியுமா? அக்கடையிலேயே வேலைசெய்த பணியாளர்கள்! 1964ஆம் ஆண்டின் குடியியல் உரிமைச் சட்டம் உணவுச்சாலைகளில் நிறபேதம் காட்டுவதை நாடு முழுவதும் தடுத்தது.

இதைப் படிக்கும் நாம் பிறரைப் பழித்து ஒதுங்கிவிட இயலாது. சமாசனம், சமபோசனம் என்ற சொற்களே யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் பூசல் விளைத்த காலம் ஒன்று இருந்தது. தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்டோர்க்கு வேறு குவளை வைத்த காலமும் இருந்தது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957ஆம் ஆண்டில் பிறந்த பின்னரும், பல கடைகளின் கதவுகள் போராட்டத்தினாலேயே திறந்தன.

அன்று எனக்கு ஒருபுறம் கறுப்பின முதியவர் ஒருவர்; மறுபுறம் வெள்ளையினச் சிறுவன் ஒருவன். அம்முதியவரின் வயதினர் பலர் தம் இளமையில் இத்தகைய ஆசனத்தைத் தொலைவில் நின்றே பார்த்திருப்பர். ஒரே பாத்திரத்திலிருந்து எனக்கும் அவருக்கும் கோப்பி வார்க்கப்பட்டது. எவரும் அதை ஒரு செய்தியாகக் கருதவில்லை.

பழைய காலத்தின் கோலத்தை விரும்புவதில் தவறில்லை. ஆயின், அக்காலத்தில் வாசலுக்கு வெளியே நின்றவர் யார் என்பதையும் மறவாதிருப்போமாக.