பேசாத குழந்தைக்கு லேகியம் தேடாதீர்கள்!

"ஐயா, பையனுக்கு ரெண்டரை வயசாச்சு. இன்னும் 'அம்மா'ன்னு கூப்பிடலை. நாக்கு புரள ஏதாவது லேகியம் கொடுங்க!"

காரைக்காலில் என்னிடம் வரும் தாய்மார்களில் சிலர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். கூடவே வந்த பாட்டி, "இவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்று சமாதானம் சொல்வார்.

நான் நாக்கைப் பார்ப்பதில்லை, காதைச் சந்தேகப்படுகிறேன். பேச்சு வராத குழந்தைக்கு முதலில் காதைத்தான் சோதிக்க வேண்டும். வீட்டில் தட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "திரும்புறானே!" என்று இருந்துவிடாதீர்கள். தட்டுச் சத்தம் கேட்கும் சில குழந்தைகளுக்குக்கூட பேச்சில் வரும் மெல்லிய ஒலிகள் கேட்பதில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வைத்தியம் ஆரம்பித்த புதிதில், இப்படி வந்த ஒரு குழந்தைக்கு வல்லாரை நெய் கொடுத்து ஆறு மாதம் பொறுக்கச் சொன்னேன். அது பிறவியிலேயே காது கேளாத குழந்தை என்று பிறகுதான் தெரிந்தது. அந்த ஆறு மாதத்தை என்னால் திருப்பித் தர முடியவில்லை.

மருந்தால் ஏன் முடியாது?

உள்காதில் நத்தை ஓடு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதிலுள்ள மயிரிழை போன்ற செல்கள்தான் ஒலியை நரம்புக்குத் தருகின்றன. அவை அழிந்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. லேகியமோ தைலமோ அவற்றை வளர்க்காது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால், காதில் விடும் எண்ணெயே வினையாகிவிடும். அழுக்கு அடைப்பு, சீழ், நடுக்காதில் நீர் கோர்ப்பது போன்றவற்றைச் சரிசெய்யலாம். எது காரணம் என்பதைக் காது டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

எப்போது சோதிப்பது?

ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் கருவி. இதுதான் உலக மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. தூங்கும் குழந்தைக்கே 'பெரா' சோதனை செய்யலாம், வலி இல்லை. சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள், குறைமாதத்தில் பெற்றவர்கள், கர்ப்பத்தில் ருபெல்லா வந்தவர்கள், பிறந்ததும் கடுமையான மஞ்சள் காமாலை கண்ட குழந்தையின் பெற்றோர் அவசியம் பார்க்க வேண்டும். தாமதமாகிவிட்டதா? இன்றே போங்கள். கருவி போதாத குழந்தைகளுக்குக் காக்ளியர் அறுவை சிகிச்சை இருக்கிறது. அதற்கும் சின்ன வயதே நல்லது.

கருவி மாட்டியாச்சு, அப்புறம்?

கருவி ஒலியைத்தான் தரும். பேச்சை வீடுதான் தர வேண்டும். சென்னையில் 1969-ல் தொடங்கிய 'பால வித்யாலயா' பள்ளியில் காது கேளாத சின்னக் குழந்தைகளோடு தாய்மாரும் உட்கார்ந்து பயிற்சி பெறுகிறார்கள். வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியவை:

* தூங்கும் நேரம், குளியல் தவிர விழித்திருக்கும் நேரமெல்லாம் கருவி காதில் இருக்கட்டும்.

* டி.வி.யை நிறுத்திவிட்டு, கைக்கெட்டும் தூரத்தில், முகம் பார்த்துப் பேசுங்கள். கத்த வேண்டாம். "இட்லி சூடா இருக்கு, ஊதிச் சாப்பிடு" என்று முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்.

* குழந்தை வளர வளர காது அச்சு தளர்ந்து 'கீ' என்று விசிலடிக்கும். கருவி கெட்டுவிட்டதென்று கழற்றி வைக்காமல் புது அச்சு எடுங்கள்.

* நம் ஊர் கடற்காற்றின் ஈரமும் வியர்வையும் கருவிக்குப் பகை. இரவில் துடைத்து, சிலிகா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் வையுங்கள்.

* பொத்தான் பாட்டரியைக் குழந்தை விழுங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

"நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?" என்று தலைமுடியால் கருவியை மறைக்கும் தாய்மாரைப் பார்க்கிறேன். கல்யாணத்துக்குப் போகும்போது கழற்றி விடுபவர்களும் உண்டு. உங்கள் மூக்குக்கண்ணாடியை அப்படிக் கழற்றுவீர்களா?

மாங்கனித் திருவிழாவில் நாதஸ்வரம் ஒலிக்கும்போது, உங்கள் பிள்ளையும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கட்டும். நாலு பேர் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டுமே!