4294967297: ஃபெர்மாவின் கணிப்பு பொய்த்த இடம்

முப்பத்திரண்டு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால், அதாவது 2³² + 1 என்று எழுதினால், கிடைப்பது 4294967297. சொல்லில் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. 3, 7, 11, 13 என்று சிறிய எண்கள் எதனாலும் இது வகுபடாது. பார்வைக்குப் பகா எண்ணின் எல்லா லட்சணமும் உண்டு.

பிரெஞ்சுக் கணித அறிஞர் பியர் தெ ஃபெர்மா அப்படித்தான் நம்பினார். 2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 ஆகியவற்றை வைத்து ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 வரும். ஐந்துமே பகா எண்கள். அடுக்கை இப்படி இரட்டித்துக்கொண்டே போனால் எப்போதும் பகா எண்தான் கிடைக்கும் என்று 1640-இல் கடிதங்களில் எழுதினார். நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். அந்த வரிசையில் ஆறாவது எண்தான் 4294967297.

1729 டிசம்பரில் கணித அறிஞர் கோல்ட்பாக் எழுதிய கடிதம் இந்தக் கேள்வியை இன்னொரு கணித அறிஞரான ஆய்லரிடம் கொண்டுவந்தது. 1732-இல் ஆய்லர் விடை சொன்னார்: இந்த எண் 641-ஆல் வகுபடும். ஈவு 6700417, அதுவும் பகா எண்.

641-ஐக் கண்ட வழியை ஆய்லர் பின்னாளில் விளக்கினார். இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே தீரும். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று வரிசையாக வருகின்றன. ஆக, ஐந்தாவது முயற்சியிலேயே விடை! இதே போன்ற வடிகட்டலால்தான் ஃபெர்மா அதே 1640-இல் 2³⁷ − 1 என்பது 223-ஆல் வகுபடும் என்று கண்டுபிடித்திருந்தார். கருவி கையில் இருந்தும் இங்கே அவருக்குக் காரணி தட்டுப்படாமல் போனது வியப்புதான்.

வகுத்துப் பார்க்காமலும் இதை நிறுவலாம். 641 என்பது 5⁴ + 2⁴, அதாவது 625 + 16. இதை 2²⁸-ஆல் பெருக்கினால் 5⁴ × 2²⁸ + 2³². இது 641-இன் மடங்கு. இன்னொரு பக்கம், 5 × 2⁷ என்பது 640. எந்த எண்ணின் நான்காம் அடுக்கிலிருந்தும் ஒன்றைக் கழித்தால், அந்த எண்ணைவிட ஒன்று கூடிய எண்ணால் வகுபடும். எனவே 640⁴ − 1, அதாவது 5⁴ × 2²⁸ − 1, என்பதும் 641-இன் மடங்கு. முதல் மடங்கிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் எஞ்சுவது 2³² + 1.

ஃபெர்மாவின் வரிசையில் இதற்குப் பிந்தைய எண்களில் இதுவரை ஒன்றுகூடப் பகா எண்ணாகத் தேறவில்லை. முதல் ஐந்தின் மதிப்போ வடிவியலில் உயர்ந்தது. 1796-இல் கணித அறிஞர் கவுஸ், 17 பக்க ஒழுங்குப் பல்கோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையலாம் என்று காட்டினார். ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட பல்கோணத்தை அப்படி வரைய வேண்டுமானால், பக்க எண்ணிக்கை வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் (இந்த வரிசையில் வரும் பகா எண்களின்) பெருக்கலாக இருக்க வேண்டும். 641 அந்த வகை அல்ல என்பதால் 4294967297 பக்கங்களுக்கு வழியில்லை. தெரிந்த ஐந்தையும் பெருக்கினால் 4294967295 வருகிறது. வரைய முடியும் என்று இன்று தெரிந்த ஒற்றைப்படைப் பல்கோணங்களில் மிகப் பெரியதன் பக்க எண்ணிக்கை அதுவே.