வேட்டுச் சத்தமும் குதிரையின் காதும்

கோயில் கொடையில் சாமப் பூசைக்கு அதிர்வேட்டு போடும்போது பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பட்டாளத்திலிருந்து வந்த ஒருவர் மட்டும் எழுந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். "அவுகளுக்குக் கூட்டம்னா ஆகாது" என்று வீட்டார் சொல்லிச் சமாளிப்பார்கள். கோவில்பட்டியைச் சுற்றித் தீப்பெட்டி ஆலைகள், வடக்கே சிவகாசி. தீபாவளி கழிந்துவிட்டால் வெடிச்சத்தம் ஓய்ந்துவிடும் என்று சொல்ல முடியாத வட்டாரம் இது.

இது வெறும் பயமில்லை

போர்முனையில் பட்ட அதிர்ச்சி ஆண்டுகள் கடந்தும் உடம்பை விட்டுப் போகாமல் நிற்பதைத்தான் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தம் என்கிறார்கள், சுருக்கமாக பி.டி.எஸ்.டி. முதல் உலகப் போர்க் காலத்தில் இதற்குக் குண்டு அதிர்ச்சி என்று பெயர். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980-இல்தான் இதை இன்றைய பெயரோடு நோய்ப் பட்டியலில் சேர்த்தது.

கெட்ட கனவு, தூக்கமின்மை, சட்டென்று பொங்கும் கோபம், எங்கே போனாலும் வாசலைப் பார்த்தே உட்காருவது, பழையதை நினைவூட்டும் ஆளையும் இடத்தையும் தவிர்ப்பது: இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பட்டாளக் கேன்டீன் ரம்மைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தூங்குவதற்காக என்று தொடங்கும் இரண்டு பெக், முதலில் கண்ணைச் சொருக வைத்தாலும் நடுராத்திரியில் எழுப்பிவிட்டுவிடும்.

குதிரையை ஏன் தேடினார்கள்

மருத்துவரிடம் போனால் பேசவேண்டும். பட்டாளத்துக்காரர்கள் பலருக்கு அதுதான் பெரிய மலை. குதிரையை வைத்துத் தரும் சிகிச்சை ஒன்று உண்டு; குதிரையிடம் பேச வேண்டியதில்லை.

குதிரை இரையாகும் விலங்கு. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய 350 பாகை சுற்றளவைப் பார்க்கும். காதுகளைத் தனித்தனியே திருப்பி வெவ்வேறு திசைச் சத்தத்தை வாங்கும். எப்போதும் விழிப்பிலேயே இருக்கிற உயிர். கதவோரம் உட்கார்ந்து வாசலைக் கவனிக்கிற மனிதருக்கு இதன் சுபாவம் சட்டென்று பிடிபட்டுவிடும் என்பது என் எண்ணம். உயரமான முகாம்களுக்குச் சுமை ஏற்றிப் போகும் கோவேறு கழுதைகளோடு வேலை பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதேயில்லை.

ஆனால் நேர் பின்னால் அதற்குப் பார்வை எட்டாது. அதனால் சத்தம் கொடுக்காமல் பின்பக்கமாகப் போகக் கூடாது என்பது குதிரைக்காரர்கள் சொல்லும் முதல் பாடம்.

சவாரி முக்கியமில்லை

கடற்கரையில் காசு கொடுத்து ஒரு சுற்று ஏறி வருவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்தச் சிகிச்சை முறைகள் பலவற்றில் குதிரைமேல் ஏறுவதே கிடையாது. பக்கத்தில் போய் நிற்பது, உடம்பைத் தேய்த்துவிடுவது, கயிறு மாட்டி நடத்துவது, அவ்வளவுதான். மனநல ஆலோசகரும் குதிரையை அறிந்தவரும் கூடவே இருப்பார்கள். வந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றை இழுத்தால் குதிரை நகராது, அல்லது முரண்டு பிடிக்கும். மூச்சை விட்டு, தோளைத் தளர்த்தினால் கூடவே வரும். "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று மனைவியிடம் சொல்லித் தப்பிக்கலாம்; நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரையிடம் அது நடக்காது.

ஆய்வு எந்த அளவில் இருக்கிறது

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 'மேன் ஓ வார்' என்ற புகழ்பெற்ற பந்தயக் குதிரையின் பெயரில் ஓர் ஆய்வு நடந்தது. முன்னாள் படைவீரர்கள் 63 பேர். வாரம் ஒரு முறை 90 நிமிடம், 8 வாரம். அறிகுறிகள் குறைந்தன என்று 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆனால் குதிரைச் சிகிச்சை பெறாத இன்னொரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. குணம் தந்தது குதிரையா, வாராவாரம் தன்னைப் போன்ற நான்கு பேரோடு சேர்ந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஆகவே இதைத் துணைச் சிகிச்சையாகத்தான் கருத வேண்டும். அதிர்ச்சியை நேரடியாகக் கையாளும் பேச்சுச் சிகிச்சை, கண்ணசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். முறை, தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்ற மாத்திரை: வலுவான சான்று உள்ளவை இவை. தூக்க மாத்திரையை மெடிக்கலில் தானாகக் கேட்டு வாங்குவது ஆபத்து. ஏற்கெனவே சாப்பிடுகிறவர் மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்துதான்.

கரிசல்காட்டில் என்ன செய்வது

குதிரையை வைத்துச் சிகிச்சை தரும் ஆலோசகரைத் தேடிப் புறப்படுவதற்கு முன் பக்கத்தில் இருப்பதைப் பயன்படுத்தலாம். தூத்துக்குடி, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. முன்னாள் படைவீரர்களுக்காக 2003-இல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் அட்டை வைத்திருப்பவர்கள் அதன் பாலிகிளினிக்கில் கேட்கலாம். நேரில் போகத் தயங்குகிறவர்கள் மனநல உதவிக்கான டெலி மானஸ் இலவச எண் 14416-க்கு எந்த நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் நினைப்பு வந்தால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் நாலு ஆடோ ஒரு சோடி மாடோ இருந்தால் அவற்றைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவரிடமே விடுங்கள். மருந்தென்று சொல்ல மாட்டேன். விடிந்தால் தண்ணீர் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் ஒருவரைப் படுக்கையை விட்டு எழுப்பும், அவ்வளவே. கொடைக்கு வேட்டு போடும் நேரத்தை விழாக் கமிட்டியிடம் கேட்டு அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கெட்ட கனவில் அவர் புரண்டால் தோளைப் பிடித்து உலுக்க வேண்டாம். கால்மாட்டில் கொஞ்சம் தள்ளி நின்று, விளக்கைப் போட்டு, பெயரோ முறையோ சொல்லிக் கூப்பிடுங்கள். அவர் கண் திறந்து உங்களைப் பார்த்த பிறகு பக்கத்தில் போங்கள்.