வெற்று உருக்கும் மலைநாட்டு ஈரமும்

காரின் பழைய பெயின்டை அடிவரை சுரண்டி எடுத்து, உருக்குத் தகட்டை வெள்ளிபோல் மினுக்கி, அதன் மேல் நிறமில்லாத 'கிளியர் கோட்' மட்டும் அடித்து ஓட்டுவது வாகனப் பிரியர்கள் பலருக்குப் பெருங்கனவு. வெல்டிங் தடமும் சுத்தியல் வடுவும் மறையாமல் தெரிய, உலோகம் உலோகமாகவே நிற்கும் அழகு அது. இலங்கை மலைநாட்டின் டிக்கோயாவில் ஒரு பழைய மொரிஸ் மைனரையோ ஒஸ்டினையோ இப்படி மாற்றினால் எத்தனை காலம் தாங்கும்? பழைய வண்டிகளைக் காப்பாற்றுவது இந்த நாட்டில் வெறும் பொழுதுபோக்கு அல்ல. 2020 மார்ச்சில் கார் இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில்தான் அது தனியாருக்கு மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் கையில் இருந்த தகட்டைக் கறள் தின்னாமல் காத்தவர்களின் வண்டிகளே ஓடின.

ஈரம் தங்கும் நேரம்

இரும்பு துருப்பிடிக்க ஒட்சிசனும் நீரும் வேண்டும். மழையில் நனைய வேண்டும் என்பதுகூட இல்லை. காற்றின் சாரீரப்பதன் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பின் அரிப்பு வேகமெடுக்கும் என்று பிரித்தானிய ஆய்வாளர் வெர்னன் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே காட்டினார். இன்றைய சர்வதேச நியமங்களில் 'ஈர நேரம்' என்றொரு அளவு உண்டு. சாரீரப்பதன் 80 சதவீதத்துக்கு மேலும், வெப்பநிலை உறைநிலைக்கு மேலும் இருக்கும் மணித்தியாலங்களின் கூட்டுத்தொகை அது. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, பிறகு இடி மழை, காலையும் மாலையும் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் பக்கமிருந்து ஏறிவரும் மூடுபனி. இவற்றைப் பார்த்தவருக்கு டிக்கோயாவில் அந்தக் கூட்டுத்தொகை எப்படி ஏறும் என்று சொல்லத் தேவையில்லை.

மலைநாட்டுக்கு ஒரு நன்மை உண்டு. கடல் தூரத்தில் இருப்பதால், கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் தகட்டை அரிக்கும் உப்புக்காற்று இங்கே எட்டுவதில்லை. ஆனால் உப்பு வேறு வழியில் மலை ஏறுகிறது. தேயிலைக்குப் போடும் உரக் கலவையில் உள்ள எம்.ஓ.பி. என்பது பொட்டாசியம் குளோரைட்டு. கடலுப்பில் இரும்பை அரிக்கும் அதே குளோரைட்டு இதிலும் இருக்கிறது. உர மூட்டை ஏற்றிய வாகனத்தை நன்றாகக் கழுவாமல் விட்டால், மூலைகளில் தங்கும் துகள் ஈரத்தை இழுத்துத் தகட்டைத் தின்னத் தொடங்கும்.

கண்ணாடிப் படலத்தின் அடியில்

தொழிற்சாலையில் ஒரு காருக்கு அடிக்கப்படும் மொத்தப் பூச்சு ஏறத்தாழ 100 முதல் 120 மைக்ரோன் தடிப்புத்தான். அதற்குள் பல அடுக்குகள் உண்டு. முதலில் தகட்டோடு இரசாயன முறையில் பிணையும் துத்தநாகப் பொஸ்பேற்றுப் படிகங்கள். அதன் மேல், வண்டியின் உடலையே தொட்டியில் அமிழ்த்தி மின்சாரத்தால் படிய வைக்கும் 20 மைக்ரோன் அளவிலான எப்பொக்சிப் படை. பிறகு பிரைமர், நிறம், கடைசியாகக் கிளியர் கோட். துருவைத் தடுக்கும் வேலையில் பெரும்பங்கு கீழிரண்டு அடுக்குகளுடையது. கிளியர் கோட்டின் வேலை பளபளப்பும், வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதும்தான். சாண்ட்பேப்பர் பிடித்து அடிவரை தேய்க்கும்போது காவல் அடுக்குகள் போய், அலங்கார அடுக்கு மட்டும் திரும்பி வருகிறது. புதிய கார்களில் தகட்டின் மேல் இருக்கும் மெல்லிய துத்தநாக முலாமும் அதோடு போய்விடும்.

எந்தப் பிளாஸ்ரிக் படலமும் முற்றாக அடைபட்டது அல்ல. நீராவியும் ஒட்சிசனும் மெதுவாக ஊடுருவும். தெளிந்த படலத்துக்கு அடியில் நடப்பதை 1944இல் ஷார்மன் என்ற ஆய்வாளர் 'நேச்சர்' இதழில் விவரித்தார். லாக்கர் பூசிய உருக்கின் மேல், படலத்துக்குக் கீழே, நூல் நூலாகத் துரு ஓடுகிறது. இலைக்குள் புழு குடைந்து போன வெண்தடம் போலத்தான் அது தெரியும். கல் பட்ட சிறு கீறலில் அல்லது வெட்டு விளிம்பில் இது தொடங்கும். நூலின் தலையில் அமிலத்தன்மை கொண்ட துளி ஒன்று இருக்கிறது. வால்பக்கத்து நுண்துளைகள் வழியே ஒட்சிசன் வருகிறது. தலையின் முன்முனையில் ஒட்சிசன் குறைவு, பின்புறத்தில் அதிகம். இந்த வேறுபாடே ஒரு குட்டி மின்கலமாகி, இரும்பைக் கரைத்தபடி தலையை முன்னே தள்ளுகிறது. 65 முதல் 95 சதவீதச் சாரீரப்பதன் இதற்கு மிக வாய்ப்பானது. அதுவே நம் மலைகளின் அன்றாடக் காற்று. நிறப் பெயின்டின் அடியில் மறைந்து கிடக்கும் இந்தத் தடம், கிளியர் கோட்டின் கீழ் பட்டப்பகலில் தெரியும்.

தாமே தோல் போர்த்தும் உலோகங்கள்

பெயின்ட் இல்லாமலும் நிலைக்கும் உலோகங்கள் உண்டு. தோட்டங்களில் துரைமார் ஓட்டிய லேண்ட் ரோவரே அதற்குச் சாட்சி. 1948இல் அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் அது அறிமுகமானபோது பிரித்தானியாவில் உருக்குக்குக் கட்டுப்பாடு. ஆகவே உடல் தகடுகளைப் 'பேர்மாபிரைட்' என்ற அலுமினிய மக்னீசியக் கலப்புலோகத்தில் செய்தார்கள். அலுமினியம் காற்றுப் பட்ட உடனே சில நனோமீற்றர் தடிப்பில் ஒட்சைட்டுத் தோல் ஒன்றைப் போர்த்துக்கொள்ளும். அது உலோகத்தோடு இறுகப் பற்றி, கீறினாலும் மறுபடி வளரும். இரும்பின் துருவோ கரைந்த உலோகத்தைவிட அதிக இடம் பிடித்து, பொருக்காக உப்பி உதிர்ந்து, அடுத்த அடுக்கையும் காற்றுக்குத் திறந்துவிடும்.

வட அயர்லாந்தில் 1981 முதல் தயாரான டிலோரியன் காரும் பெயின்ட் இல்லாமலே வந்தது. அதன் வெளித்தகடு சுமார் 18 சதவீதம் குரோமியம் கொண்ட துருப்பிடிக்காத உருக்கு. ஆனால் இரண்டு வண்டிகளிலும் அடிச்சட்டகம் சாதாரண உருக்கு. லேண்ட் ரோவரின் தகடு அரை நூற்றாண்டு கடந்தும் நிற்க, கீழே சட்டகம் துருவில் ஓட்டையாகும். அலுமினியமும் உருக்கும் ஈரத்தில் தொடும் இடங்களில் மட்டும் அலுமினியமே அரிபட்டு வெண்தூளாகும்.

செய்தே தீருவேன் என்பவருக்கு

வெற்று உலோகத் தோற்றம் வேண்டியவருக்கு என் முதல் யோசனை, அலுமினியத் தகட்டைத் தேர்ந்தெடுங்கள். உருக்கில்தான் வேண்டுமென்றால் ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட நாட்களில் செய்யுங்கள். தேய்த்த தகட்டை வெறுங்கையால் தொடக்கூடாது. வியர்வையின் உப்பு கைரேகையாகவே துருப்பிடிக்கும். தகட்டின் வெப்பநிலை பனிபடுநிலையைவிடக் குறைந்தது 3 பாகை செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும். விடிகாலைக் குளிரில் தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர் படிந்திருக்கும், அதன் மேல் அடித்த பூச்சு கொப்புளிக்கும். தேய்த்த அன்றே பூச்சு ஏற வேண்டும்.

துருவைக் கறுப்பாக்கி அடக்கும் தனின் அமிலக் கரைசல்களும் உண்டு. தொல்லியல் இரும்புப் பொருட்களைக் காக்கவும் தனின் அமிலம் பயன்படுகிறது. அது துருவோடு சேர்ந்து நீலக்கறுப்பான இரும்புத் தனேற்று ஆகிறது. தேயிலைச் சாயம் இரும்பில் பட்டால் கறுப்பதும் இதற்கு நெருங்கிய இரசாயனமே. ஆனாலும் சாயத்தண்ணீரைப் பூசிக் காரைக் காக்க முடியாது. அதன் செறிவும் சேர்மங்களும் வேறு. தனின் கரைசல் பூசிய தகடும் மினுங்காது, அதற்கு மேலே பிரைமர் வேண்டும்.

வேலை செய்பவரின் மூச்சு எல்லாவற்றையும்விட முக்கியம். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்க்காமல் நீர்விட்டுத் தேய்க்க வேண்டும். இரு பகுதிக் கிளியர் கோட்டின் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேற்று நிரந்தர ஆஸ்துமாவைத் தரக்கூடியது. துணி முகக்கவசம் அதை நிறுத்தாது. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் கவசமில்லாமல் எந்தப் பெயின்ட் பாஸையும் மூடிய கராஜுக்குள் ஸ்பிரே பண்ணச் சொல்வது நியாயமல்ல.

மழையும் மூடுபனியும் உரமும் உள்ள இந்த மலையில் கைப்பணத்தை முதலில் எப்பொக்சிப் பிரைமருக்கும், கதவுகளின் உட்குழிகளுக்கு அடிக்கும் மெழுகுக்கும், அடைபட்ட நீர்வடி துளைகளைத் திறப்பதற்கும் செலவிடுங்கள். நிறமும் மினுக்கமும் அதற்கு அடுத்த செலவு. அந்த வரிசையில் செய்த வண்டிதான் அடுத்த தலைமுறையின் கைக்குப் போகும்.